குளத்துப் புள்ளினமும் ஒளிப்படக் கலையும்

இம்மலரின் முகப்பில் இடுவதற்கு நீர்ப்பறவையின் படம் ஒன்று வேண்டுமென மாணவர் குழுவினர் நம்மிடம் வந்தனர். நாமும் நண்பர் ஒருவரும் விடுமுறை நாள்களில் குளக்கரைகளுக்குச் சென்று பறவைகளைப் படமெடுத்து வருவது துறையில் அனைவரும் அறிந்த செய்தியே. நம்மிடம் உள்ள படங்களுள், காண்போர் எல்லாரும் ஒரு கணம் பேச்சற்று நிற்கும் படம் ஒன்று உண்டு. அதனைக் கொடாது, மடையோரத்தில் ஒற்றைக் குருகு நிற்கும் எளிய படம் ஒன்றைக் கொடுத்தோம். “இதைவிட நல்ல படம் இல்லையா ஐயா?” என்று மாணவர் ஒருவர் தயக்கத்தோடு கேட்டார். அன்று நாம் மறுமொழி கூறவில்லை. கூறவேண்டியது சற்று நீளமானது. ஆதலின் அதனை ஈண்டு எழுதுகிறோம்.

நண்பரைப் பற்றி முதலில் கூறுதல் முறை. அவரும் நாமும் ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளியில் பயின்றோர். நாம் தமிழ் படிக்கச் சென்றோம். அவர் தம் தந்தையார் மேலப்பாளையத்தில் நடத்திவந்த ஸ்டுடியோவில் அமர்ந்தார். மணவீடுகளில் படமெடுப்பது அவர்தம் தொழில். மணமக்களை நிற்கவைத்து, முகத்தை இப்படித் திருப்புங்கள், சற்றே சிரியுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சலித்துப்போனதால்தான், யார் சொல்லையும் கேளாத பறவைகளின்பால் தமக்கு ஈர்ப்பு உண்டாயிற்று என்று அவர் வேடிக்கையாகக் கூறுவார். படச்சுருள் வழங்கிய காலத்திலேயே அவர் குளக்கரைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஒரு சுருளில் 36 படங்கள், ஒவ்வொன்றும் காசு. எனவே பொத்தானை அழுத்துமுன் ஒருமுறைக்குப் பன்முறை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் படிந்துவிட்டது. நாமோ டிஜிட்டல் கேமரா வந்தபின் இக்கலைக்குள் புகுந்தவர். எண்ணாமல் அழுத்துவது நம் பழக்கம். பின்னர் நேர்ந்ததற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனலாம்.

குளமும் கரையும்

நெல்லைச் சீமையின் குளங்கள் தனித்தனியே கிடப்பவை அல்ல. தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்தைச் சேர்கிறது. வானத்தை மட்டுமே நம்பிக் கிடக்கும் குளங்களும் பல உள. நிலம் மேற்கே மலையடியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், பல குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கமாக அமைந்திருக்கிறது. இவ்வமைப்பு படமெடுப்போர்க்குப் பெரும்பேறு. காலைப்பொழுதில் கரைமீது மேற்கு நோக்கி நின்றால் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான். இளவெயில் பறவையின்மேல் நேரே விழும். கரை கட்டிய முன்னோர் இதனை எண்ணிக் கட்டவில்லை. ஆயினும் பயன் நமக்குக் கிடைத்தது.

வைகறைத் தொழுகை முடிந்ததும் நண்பரின் வண்டியில் புறப்படுவது வழக்கம். கதிர் எழுந்தபின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே படத்திற்குரிய பொழுது. அதன்பின் நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் எழும் வெப்பத்தால் காற்று அலைபாயத் தொடங்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்சாயினும் தொலைவிலுள்ள உருவம் கலங்கியே தெரியும். வெயிலேறியபின் கரைக்கு வந்து, படம் தெளியவில்லையே எனக் கேமராவை நோவார் பலர். நோவதற்குரியது அவர்தம் உறக்கமே.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் பெருகும்போது நீர்ப்பறவைகள் பரவலாகச் சிதறிக் கிடக்கும். பெருகிய குளத்தில் அவற்றைக் காண்பதே அரிது. தை, மாசியில் பிசான நெல்லுக்கு மடை திறந்து நீர் வடியத் தொடங்கியபின்பே அவை ஒருங்கு கூடுகின்றன. நீரின் ஆழத்திற்கேற்ப அவை தத்தமக்கென இடம் பகுத்துக்கொள்வதைக் கரையிலிருந்தே காணலாம். சேற்று விளிம்பில் உள்ளான்கள் ஓடித் திரியும். கணுக்கால் நீரில், செந்நிற நெடுங்கால்களோடு பவளக்காலி நடக்கும். முழங்கால் நீரில் நாரைகளும், அலகைப் பக்கவாட்டில் வீசி நீரைத் துழாவும் கரண்டிவாயனும் நிற்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடிய நிலையிலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். இளம்பறவைக்கு அவ்விடைவெளி இராது. வளர்ந்த பின்னரே உண்டாகும். ஆழ்ந்த நீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி எழும். நீர்க்காகத்தின் இறகு நீரை ஏற்றுக்கொள்வது. ஆகவே அது கரையேறியதும் கொடியில் துணி காயப்போட்டாற்போல இரு சிறகையும் விரித்து வெயிலில் நிற்கும். தொடக்கத்தில் படம் பழகுவோர்க்கு நண்பர் முதலில் காட்டுவது நீர்க்காகத்தைத்தான். அது நகராது.

இலைக்கோழியைப் பற்றி மட்டும் தனிநூல் எழுதலாம். அல்லி இலைமேல் அது நடப்பதற்கு அதன் மிக நீண்ட விரல்களே துணை. பெண்பறவை முட்டையிட்டதோடு சரி. அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண்பறவையின் கடன். இதனை வகுப்பில் கூறியபோது மாணவியர் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பொலி இன்னும் நினைவில் உள்ளது.

வெண்மையைப் படமாக்குதல்

தொடக்கத்தில் நாம் எடுத்த கொக்குப் படங்கள் அனைத்தும் சுண்ணாம்பு பூசிய பொம்மைகள்போல இருந்தன. இறகின் அடுக்கும் நிழலும் ஒன்றும் தெரியவில்லை. காரணத்தை நண்பர் விளக்கினார். கேமராவில் உள்ள ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுவது. கருநிற நீரின் நடுவே சிறியதொரு வெண்கொக்கு நின்றால், மானி நீரையே பெரிதாகக் கண்டு, காட்சி இருண்டிருப்பதாக முடிவு செய்து மிகுதியான ஒளியை உள்ளே விடுகிறது. நீர் தெளிவாகத் தெரியும். கொக்கு எரிந்து வெறும் வெண்மையாகிவிடும். எனவே மானி சொல்வதினும் ஒளியைக் குறைத்து எடுக்கவேண்டும். வெளிர்வானத்தின் எதிரே பறக்கும் நீர்க்காகத்திற்கோ இதன் மறுதலையே முறை. பறக்கும் பறவையின் சிறகு தெளிவாக வேண்டுமெனின் ஷட்டர் ஒரு நொடியில் 1000இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரமே திறந்து மூடவேண்டும் என்பதும் அவரிடம் கற்றதே.

மற்றொன்று, உயரம். கரைமீது நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பறவையின் முதுகும் சேறும் மட்டுமே கிட்டும். கரைச்சரிவில் மார்பு தரையில் படப் படுத்து, லென்சை நீர்மட்டத்திற்குத் தாழ்த்தினால் பறவையின் கண்ணும் நம் கண்ணும் ஒரே நிலையில் அமையும். நெருஞ்சி முள்ளும் எறும்பும் பொறுத்துக்கொள்ளவேண்டியவை. சட்டையில் சேற்றோடு வீடு திரும்பும்போது கேட்கவேண்டிய சொற்களையும் அவற்றோடு சேர்த்துக்கொள்க.

புலவர் கண்ட கால்

தமிழ் கற்பிக்கும் நமக்கு இக்கலை அளித்த பெரும்பயன் வேறு. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் மருதத்திற்குரிய புள்ளாக நாரை, குருகு, கம்புள், போதா, தாரா எனப் பல பெயர்களைத் தருகிறது. ஆண்டுதோறும் இப்பெயர்களை மாணவர்க்குச் சொல்கிறோம். அவர்களும் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றனர். போதா எது, கம்புள் எது என்று கேட்டால் உரைகாரர் பின்னே ஒளிந்துகொள்வதே நம் வழக்கமாக இருந்தது. பி. எல். சாமி எழுதிய ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூல் கையில் கிடைத்தபின்பே, இப்பெயர்களைக் குளத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டையே மருதவளம் பொலியும் நாடாகப் பாடினார் அன்றோ? தமிழ்ப்புலவனுக்கு நாடென்றால் வயலும் குளமும்தான். அக்குளத்தை நாம் அறியாதிருந்தோம்.

குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலருடையது. தலைவன் தன்னை மணந்த இடத்தில் வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகின் கால்கள் தினைப் பயிரின் தட்டையை ஒத்த மெல்லிய, பசுமை கலந்த கால்கள் என்பது அவள் தரும் அடையாளம். இப்பாடலை நாம் பத்தாண்டுகள் வெண்கொக்கை மனத்தில் வைத்தே நடத்தினோம். ஆனால் நம் குளத்துச் சின்னக்கொக்கின் கால் கருமையானது. விரல்கள் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கோ ஓடும் நீரில் மீன் நோக்குவதினும் மாட்டின் பின்னே பூச்சி நோக்குவதே மிகுதி.

ஒருநாள் மடையருகே எடுத்த மடையானின் படத்தைக் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மடையான் என்பது மண்ணிறம் கலந்த சிறு கொக்கு. அருகில் செல்லும்வரை அசையாதிருப்பதால் குருட்டுக்கொக்கு என்றும் வழங்குவர். அமர்ந்திருக்கையில் சேற்றோடு சேறாய் இருக்கும். எழுந்து பறந்தால் வெண்சிறகு பளிச்சிடும். திரையில் அதன் கால்கள் மங்கிய பச்சை நிறத்தில் தெரிந்தன. தினைத்தட்டையின் நிறமேதான். குருகு என்பது பொதுப்பெயராகவும் வழங்கியதால், கபிலர் கண்டது இதுவேயென அறுதியிட்டு உரைக்க நாம் துணியவில்லை. ஆயினும் வெண்கொக்கு அன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனினும் ஆழமாக ஒன்று புலப்பட்டது. மடையான் மீனை நோக்கும்போது உலகத்தையே மறந்து நிற்கிறது; நாம் 20 அடியில் படுத்திருந்ததையும் அது பொருட்படுத்தவில்லை. இருந்த ஒரே சான்றும் எதையும் கண்டிராத சான்று. தலைவியின் துயரம் அன்றுதான் நமக்கு முழுமையாக விளங்கியது.

சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட நாரையைப் பற்றியும் இவ்வாறே. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நாரையே அந்தச் செங்கால் நாரை என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். கூந்தன்குளத்தில் மிகுதியாகக் கூடு கட்டுவது மஞ்சள்மூக்கு நாரை. பெயரே சொல்வதுபோல் அதன் அலகு மஞ்சள். நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்தது. புலவரோ அலகின் நிறத்திற்குப் பவளத்தையும் வடிவிற்குப் பிளந்த பனங்கிழங்கையும் உவமை கூறியுள்ளார். பொங்கல் நாளில் பனங்கிழங்கைப் பிளந்து தின்ற எவரும், நேராய் நீண்டு கூர்மையில் முடியும் அவ்விரு பாதிகளை அறிவர். செந்நிற அலகும் செந்நிறக் காலும் உடைய நாரை வெண்ணாரை. அது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து மீளும் பறவை. தமிழகத்தில் காண்பது அரிது. தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் பறவை எனப் புலவர் விளித்ததும் அதற்கே பொருந்துகிறது. வெண்ணாரையை நாங்கள் இருவரும் இதுகாறும் படமெடுத்ததில்லை. நண்பருக்கு அது தீராத குறை.

மாசி மாதத்து நிகழ்ச்சி

இனி அந்தப் படத்தைப் பற்றிக் கூறுகிறோம்.

2013ஆம் ஆண்டு மாசி மாதம். ஊருக்குத் தெற்கே ஒரு குளம், பெயர் வேண்டா. நீருக்குள் நின்ற கருவேல மரங்களில் உண்ணிக்கொக்கும் வக்காவும் மடையானும் கலந்து கூடு கட்டியிருந்தன. கரையிலிருந்து ஏறத்தாழ 150 அடி இருக்கும். முள்கிளைகள் மறைத்தமையால் கரையிலிருந்து கூடு தெளிவாகத் தெரியவில்லை. நீர் முழங்காலளவே. இறங்கிச் செல்வோம் என்றது நாம். நண்பர் இசையவில்லை, கூடு கட்டிய மரத்தை நெருங்கலாகாது என்றார். நம் பிடிவாதம் பொறாமல் பின்னர் உடன் வந்தார்.

மரத்தை நெருங்குமுன்பே பறவைகள் அனைத்தும் ஒருசேர எழுந்தன. கூடுகளில் வெளிர்நீல முட்டைகள் கண்ணுக்குத் தெரிந்தன. சிலவற்றில் இறகு முளையாத குஞ்சுகள். முக்குளிப்பான் கூட்டைவிட்டு அகலும்போது நீர்ப்பாசியால் முட்டைகளை மூடிச் செல்லும். கொக்கினத்திற்கு அவ்வழக்கம் இல்லை. தாய்ப்பறவை அமர்ந்திருப்பதொன்றே கூட்டிற்குக் காவல். வெயிலுக்கு நிழலும் அதன் சிறகே. இவையெல்லாம் நாம் நூலில் படித்தவைதாம்.

காக்கைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. அண்டங்காக்கைகள் இரண்டு முதலில் வந்தன. பின் வேறு சில. நண்பர் கேமராவைத் தாழ்த்திவிட்டார். நாம் தாழ்த்தவில்லை. முட்டையைக் கவ்விய காக்கை கிளையிலிருந்து எழுவதும், அதன் பின்னே இனப்பெருக்கக் காலத்து இறகுகள் விரிய உண்ணிக்கொக்கு ஒன்று பாய்வதும், பக்கவாட்டில் இளவெயில் படிவதும் கண்ணாடிக்குள் தெரிந்தன. விரல் தானே அழுத்திக்கொண்டிருந்தது. பின்னர் எண்ணியபோது 52 படங்கள். “போதும், வா” என்று நண்பர் தோளைத் தொட்டபின்பே நிறுத்தினோம்.

கரையேறியதும் குளத்து மடையைத் திறந்து அடைக்கும் பெரியவர் அங்கு நின்றிருந்தார். சினந்து பேசவில்லை. “கரைமேல நின்னீயன்னா மாடு மேய்க்க ஆளுன்னு இருந்துக்கிடும் அண்ணாச்சி, தண்ணிக்குள்ள எறங்குனீயன்னா நரின்னுதான் நெனைக்கும்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு நடந்துவிட்டார். கரையில் அரைமணி நேரம் காத்திருந்தோம். பறவைகள் ஒவ்வொன்றாக மீண்டன. நாம் கண்டவரையில் இரண்டு கூடுகள் வெறுமையாய்க் கிடந்தன. அவற்றுள் ஒன்றன்மேல் ஒரு கொக்கு வந்து அமர்ந்து, எழுந்து, மீண்டும் அமர்ந்தது.

திரும்பும் வழியெல்லாம் நண்பர் பேசவில்லை. நாமோ அன்றிரவே படங்களைத் திரையிலிட்டுப் பார்த்தோம். 52இல் ஒன்று, கலை நுட்பத்தில் நாம் அதற்கு முன்னும் பின்னும் எட்டாதது. அதனைக் கண்காட்சி ஒன்றில் வைத்தோம். பாராட்டு குவிந்தது. இத்துணை அருகில் எவ்வாறு எடுத்தீர்கள் என்று கேட்டோர்க்குப் பொறுமை என்று விடை சொன்னோம். நண்பரும் வந்திருந்தார், படத்தின் முன் நின்றார், நாம் அவ்விடை கூறியது அவர் செவியிலும் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்து வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி நம் வாசலுக்கு வரவில்லை. பொய் சொன்னதை எண்ணி உறங்காத இரவுகள் சில உண்டு. ஐந்தாம் வாரம் நாமே அவர் ஸ்டுடியோவுக்குச் சென்றோம். அவர் தேநீர் வரவழைத்தார்.

அன்று முதல் இருவருக்கும் ஒரு நெறி உண்டு. பறவை இரைதேடுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தால் நின்றுவிடவேண்டும். இரண்டாம் முறை நீட்டினால் பின்வாங்கவேண்டும். எழுந்து பறந்துவிட்டால் பிழை நம்முடையது. அன்றைக்கு அக்குளத்தில் படமெடுத்தல் இல்லை. கூட்டைப் படமெடுப்பது அறவே இல்லை. இன்று பறவை ஒளிப்படப் போட்டிகள் பலவும் கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஆங்கிலத்தில் படமெடுப்பதற்கும் துப்பாக்கியால் சுடுவதற்கும் ஒரே சொல்லை வழங்குகின்றனர். நம் மொழியிலும் ‘படம் பிடித்தான்’ என்கிறோம்; பிடித்தல் வேட்டைச் சொல்லே. பறவையியலின் தந்தையெனப் போற்றப்படும் சாலிம் அலி (1896–1987) இத்துறைக்குள் வந்ததே, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் கழுத்திலிருந்த மஞ்சள் நிறத்திற்குக் காரணம் தேடிப் புறப்பட்டதால்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிங்கப்பூரை விட்டு இந்தியா வந்த லோக் வான் தோ என்னும் செல்வர் அவருக்கு நண்பரானார். ஒருவர் குறிப்பெடுக்க மற்றவர் படமெடுக்க இருவரும் பல இடங்களுக்குச் சென்றனர். இவ்விருவர் நட்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவர்களுக்குள்ளும் பேசாத ஞாயிறுகள் இருந்திருக்குமோ என்று நினைப்போம். 1912இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவரும் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தருமான மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். 1996இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்த அவரை நம் துறை மாணவர் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

ஊரும் பறவையும்

நாம் பட்டு அறிந்ததைப் படிக்காத மக்கள் முன்பே அறிந்திருந்தனர் என்பதற்குக் கூந்தன்குளம் சான்று. நாங்குநேரிப் பக்கத்திலுள்ள அவ்வூர்க் குளம் 1994இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அரசு அறிவிக்குமுன்பே ஊரார் காத்துவந்தனர். வீட்டு முற்றத்து மரத்திலும் நாரைகள் கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது ஊர்க்கட்டுப்பாடு. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு எருவாகிறது. ஊர்த்தெருவில் நின்றபடியே கூட்டைக் காணலாம். ஆங்குப் பறவை கழுத்தை நீட்டிப் பார்ப்பதில்லை. மனிதரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்று தலைமுறை தலைமுறையாக அவை கற்றுக்கொண்டன போலும். அங்கு எடுக்கும் படத்தில் நம் திறமை என்று சொல்ல ஒன்றுமில்லை. அது ஊராரின் படம். குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் அங்கு இறங்குகின்றன. தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரும் இவ்வாறே ஊரார் பேணிய இடம். கோயிலைச் சூழ்ந்த மருதமரங்களில் கொக்கும் நாரையும் தங்கும் அவ்விடம் 2005இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி 2011இல் தொடங்கியது. நாங்களும் இரண்டு முறை அதில் பங்குகொண்டோம். கணக்கெடுப்பில் படமெடுப்போர்க்கு மதிப்பில்லை; தொலைநோக்கியோடு எண்ணுவோர்க்கே மதிப்பு. நண்பர் ஒரு நாள் முழுவதும் நாமக்கோழிகளை எண்ணிக் களைத்து, இதற்கு மணவீடே மேல் என்றார்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. பல குளங்களின் கரைகள் உடைந்தன. நாம் மேலே குறித்த குளமும் அவற்றுள் ஒன்று. வெள்ளம் வடிந்தபின் சென்று பார்த்தபோது குளம் வெறும் சேற்றுப் பரப்பாகக் கிடந்தது. கருவேல மரங்கள் சில வேரோடு சாய்ந்திருந்தன. அவ்வாண்டு அங்குக் கூடு கட்டும் பறவை எதனையும் நாங்கள் காணவில்லை.

அடுத்த மழைக்குள் கரையை அடைத்தனர். 2025 தை மாதத்தில் மீண்டும் சென்றோம். குளம் பாதி நிரம்பியிருந்தது. அந்தப் பெரியவரைக் காணவில்லை. மடையருகே அவர் மகன் நின்றிருந்தார். தந்தையார் நோயுற்றிருப்பதாகக் கூறினார். நண்பரும் நாமும் கரைச்சரிவில் படுத்தோம். மடையின் வழியே நீர் வாய்க்காலுக்குள் விழுந்து ஓடும் இடத்தில் ஒரு மடையான் நின்றது. முகப்பில் நீங்கள் காண்பது அதனைத்தான். ஒருமுறைகூட அது கழுத்தை நீட்டி எங்களைப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடத்தில் நாம் எடுத்தவை நான்கு படங்கள். நண்பர் ஒன்று எடுத்தார். நம்முடையதைவிட அதுவே நன்று. ஆயினும் தம் படத்தை இட அவர் இசையவில்லை. அச்சில் நிறம் சற்று மங்கியுள்ளது; உற்று நோக்கினால் கால்களின் பசுமையைக் காணலாம்.

வினா எழுப்பிய மாணவரை வரும் ஞாயிறன்று உடன் வருமாறு கூறியிருக்கிறோம். அவரிடம் கேமரா இல்லை. நண்பர் தம் பழைய கேமராவைத் தருவதாகச் சொன்னார்; அது படச்சுருள் போடும் கேமரா. சுருளுக்கு எங்குச் செல்வது என்று கேட்டோம். ஸ்டுடியோவில் ஒன்று எஞ்சியிருக்கிறதாம்.